வாடிவீடும் வேட்டைக்காடும்: இலங்கைச் சுற்றுப்பயணத்தின் வரலாறு

இலங்கையைச் சுற்றிப் பார்க்க வரும் வசதி படைத்த பயணியின் வழி இன்று ஏறக்குறைய ஒரே வட்டமாக நிலைத்துவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வடமத்திய சமவெளியில் உள்ள பழைய தலைநகரங்களான அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் அவற்றுக்கு அண்மையில் எழும் சிகிரியாக் குன்றையும் கண்டு, கண்டியின் தலதா மாளிகைக்குச் சென்று, நுவரெலியாவின் தேயிலை மலைகளில் ரயிலேறி, தென்கிழக்கே யால வனத்தில் சிறுத்தையையும் யானையையும் ஜீப்பில் இருந்தபடியே பார்த்துவிட்டு, தென்கரையோரமாகக் காலிக் கோட்டையை அடைவதோடு அந்த வட்டம் நிறைவு பெறுகிறது. பத்துப் பன்னிரண்டு நாள்களுக்குள் காடும் கோயிலும் மலையும் கடலும் அடுத்தடுத்து வருவது தீவின் இயற்கை அளித்த வாய்ப்பு என்றே பயண நிறுவனங்கள் சொல்கின்றன. அது பாதியளவே உண்மை. இந்த வட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் யாத்திரிகர், யானை பிடிப்போர், படையினர், தோட்டத் தொழிலாளர் ஆகியோர் வெவ்வேறு நோக்கங்களுக்காக நடந்து உண்டாக்கிய வழியின் மேலேயே அமைந்திருக்கிறது. அவ்வழிகளில் நடந்தவர்களையும், நடப்பவர்களின் சுமையைத் தூக்கியவர்களையும் அறியாமல் இப்பயணத்தின் வரலாற்றை எழுத முடியாது.

காட்டையும் வழிபாட்டிடங்களையும் ஒரே பயணத்தில், அரச வசதிகளோடு கண்டுவந்து எழுதிவைத்தவர்களுள் காலத்தால் மிக முந்திய ஒருவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா ஆவார். 1344ஆம் ஆண்டில் மாலைத்தீவிலிருந்து புறப்பட்ட அவர் புத்தளம் எனக் கருதப்படும் கரையில் இறங்கியபோது, அங்கே முகாமிட்டிருந்த யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, என்ன வேண்டும் என்று வினவினான். இஸ்லாமியர் ஆதமின் காலடி என்றும், பௌத்தர் புத்தரின் காலடி என்றும், சைவர் சிவனின் காலடி என்றும் போற்றும் சிவனொளிபாத மலையைக் காணவேண்டும் என்று அவர் விடையளித்தார். அரசன் அவருக்கு ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்கும் ஆட்களையும் தந்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் வழக்கமுடைய நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் பரிவாரத்தைச் சேர்ந்த பத்துப் பேர், உணவுப் பொருள்களைத் தூக்கிச் செல்லப் பதினைந்து பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினான். யானைகள் மிகுந்த காடுகளையும், கருங்குரங்குகளையும், அட்டைகளையும், மலையுச்சிக்கு ஏறுவதற்காகப் பாறையில் பிணைக்கப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளையும் அவர் தம் நூலில் விவரிக்கிறார். திரும்பும் வழியில் தீவின் தென்முனையில் இருந்த தேனாவரைக் கோயிலையும், அங்கே பணிபுரிந்த பிராமணர், யோகியர், ஆடல்மகளிர் ஆகியோரையும் கண்டார். அக்கோயில் 1588இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. ஆகையால் அதன் சிறப்பை அறிவதற்கு அவருடைய வரிகள் இன்றும் சான்றாக நிற்கின்றன. வழிகாட்டி, வண்டி, சமையல், சுமைகூலி என இன்றைய சொகுசுப் பயணத்தின் உறுப்புகள் அனைத்தும் அந்தப் பரிவாரத்தில் இருந்தன என்பதும், வழி தெரிந்தவர்கள் அரசனின் ஆட்கள் அல்லர், ஆண்டுதோறும் நடந்த யோகிகளே என்பதும் கருதத்தக்கவை.

யாத்திரைக்கு அடுத்தபடியாகக் காட்டுவழிகளைத் திறந்தது யானை வாணிகம். வன்னி எனப்படும் வடபெருங்காட்டுப் பகுதியின் சிற்றரசர்களான வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும், பின்னர் டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியது பெரும்பாலும் யானைகளையே. பிடிபட்ட யானைகள் காட்டிலிருந்து வடக்கே நடத்திச் செல்லப்பட்டு, கடல்நீரேரியின் ஆழம் குறைந்த இடத்தைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டை அடைந்தன. அந்த இடமே ஆனையிறவு என்று பெயர் பெற்றது. குடாநாட்டில் நடந்த விற்பனைக்கு இந்தியாவிலிருந்து வணிகர் வந்தனர். ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேறின. இந்த வாணிகத்தின் அடித்தளமாக இருந்தவர்கள் பணிக்கர் எனப்பட்டவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த இவர்கள், மான் அல்லது எருமைத் தோலில் முறுக்கிய கயிற்றைத் தவிர வேறு கருவி எதுவுமின்றி, இரண்டு மூன்று பேராகக் காட்டுக்குள் சென்று, யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தோடு பிணைத்துவிடும் திறன் பெற்றவர்கள். மடிந்த தழையிலும் காய்ந்த சேற்றிலும் யானையின் நடமாட்டத்தைக் கண்டறியும் அவர்களுடைய கூர்மையை, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் வியந்து எழுதியிருக்கிறார். இன்று யாலவிலும் வில்பத்துவிலும் 'டிராக்கர்' என்ற பெயரில் ஜீப்பின் முன்னிருக்கையில் அமர்ந்து தடம் பார்ப்பவரின் தொழில், அறிவின் வகையால், பணிக்கரின் தொழிலோடு உறவுடையது.

சக்கரம் செல்லக்கூடிய வழி தீவின் உள்நாட்டில் ஏற்பட்டது ஆங்கிலேயர் காலத்தில்தான். 1815இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. மலைநாட்டைப் பிடித்து வைத்திருக்கப் பாதை வேண்டும் என்று கண்ட ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், 1820களில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் சாலையை அமைத்தார். கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து சாலையை ஏற்றிய பொறியியலாளர் கேப்டன் டாசனுக்கு அங்கே ஒரு கோபுரம் நிற்கிறது. அந்தப் பாறையை உடைத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் ஏதும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இராசகாரியம் என்னும் முறையின் கீழ் அழைத்து வரப்பட்ட சிங்களக் குடியானவர்கள்; நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக மன்னனுக்கு உழைப்பு வழங்கும் பழைய கடமையையே இராசகாரியம் என்றனர். கண்டி மன்னர் காலத்தில் வழக்கத்தாலும் சாதி ஒழுங்காலும் வரையறைப்பட்டிருந்த அந்தக் கடமையை ஆங்கிலேய நிர்வாகம் கூலியற்ற சாலைவேலையாக மாற்றியது. கோல்புறூக், கேமரன் ஆகியோரின் ஆணைக்குழு பரிந்துரைத்தபடி 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களைப் பெரிதும் கொண்ட 'பயனியர்' படைப்பிரிவுகள் சாலைப் பணியைத் தொடர்ந்தன. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய அஞ்சல் வண்டி ஓடத் தொடங்கியது. முன்னர் பல நாள்கள் பிடித்த பயணம் ஒரே பகலில் முடிந்தது.

சாலையோடு சேர்ந்து வளர்ந்தது வாடிவீடு எனப்பட்ட அரசு விடுதி. தமிழ்ப் பகுதிகளில் வழிப்போக்கருக்கு மடங்களும் சுமைதாங்கிக் கற்களும் கேணிகளும் இருந்தன. சிங்களப் பகுதிகளில் அம்பலம் எனப்பட்ட திறந்த கூரைமண்டபங்கள் இருந்தன. இவை அறத்தின் பொருட்டு ஊராரால் கட்டப்பட்டவை. தங்கியோர் கட்டணம் கொடுத்ததில்லை. இவற்றுக்கு மாறாக, தங்கள் அலுவலர்கள் பயணத்தின்போது தங்குவதற்கென ஒல்லாந்தர் ஏற்படுத்திய விடுதிகளை ஆங்கிலேயர் விரிவாக்கி, ஏறத்தாழ ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒன்றாக, நீர்நிலையோ மலைக்காட்சியோ உள்ள மேட்டிடங்களில் அமைத்தனர். நீண்ட தாழ்வாரம், சாய்வு நாற்காலி, கொசுவலை கட்டிய கட்டில், அரசு குறித்த கட்டணப் பட்டியல், எந்நேரத்தில் யார் வந்தாலும் சோறும் கோழிக்கறியும் ஆக்கித்தரும் பொறுப்பாளர் என எல்லா வாடிவீடுகளும் ஒரே முகம் கொண்டிருந்தன. அரசு அலுவலருக்கு முன்னுரிமை இருந்தது. அவர் வந்தால் மற்றவர் அறையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரம் என்னும் பெருங்குளத்தின் கரையிலும், அனுராதபுரத்தில் திசாவாவிக்கு அருகிலும், எல்லக் கணவாயின் விளிம்பிலும் அமைந்தவை பெயர்பெற்றன. 1954இல் இலங்கைக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசி தங்கியதும் பொலன்னறுவை வாடிவீட்டில்தான். இன்று அந்த வட்டத்தில் சொகுசு விடுதிகள் இருக்கும் இடங்களை நோக்கினால், வாடிவீட்டுக்கு இடம் தேர்ந்தவர்களின் கண் எவ்வளவு தேர்ந்தது என்பது விளங்கும்.

இந்த விடுதிகளில் பணிபுரிந்தவர்கள் பயண நூல்களில் எப்படி வருகிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜெர்மன் உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹேக்கல் 1881இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, வெலிகம வாடிவீட்டில் பல வாரங்கள் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தார். அந்த விடுதியின் முதிய பொறுப்பாளருக்குக் கிரேக்கத் தத்துவஞானியின் முகச்சாயல் இருப்பதாகக் கண்டு 'சோக்கிரதீஸ்' என்று அவரே பெயரிட்டார். தமக்கு உதவிய, சமூகத்தால் மிகக் கீழாக ஒதுக்கப்பட்டிருந்த ரொடியர் குலத்துச் சிறுவனுக்குக் கிரேக்கப் புராணத்தின் 'கனிமீட்' என்னும் பெயரைச் சூட்டினார். அவருடைய நூல் உயிரினங்களின் பெயரில் காட்டும் நுணுக்கம் வியப்புக்குரியது. அவருக்கு உணவு சமைத்தவர்களும், மரமேறி மாதிரிகள் பறித்துத் தந்தவர்களும், படகு செலுத்தியவர்களும் அவர் இட்ட பெயரோடுதான் படிப்பவரின் நினைவில் தங்குகிறார்கள். அக்காலப் பயண நூல்களில் பெரும்பாலானவை இவ்வாறே எழுதப்பட்டன.

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் காட்டுப் பயணம் என்றால் அதற்கு வேட்டை என்றே பொருள். யானை பயிரை அழிக்கும் பகையாகக் கருதப்பட்டது; கொன்றவருக்கு அரசு வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் வெகுமதி வழங்கப்பட்டதை டெனன்ட் பதிவு செய்கிறார். ஊவாவில் ஆட்சியதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளை வாடிவீட்டருகே இடி விழுந்து அவர் இறந்தார். நுவரெலியாவில் எட்டு ஆண்டுகள் குடியிருந்து, பின்னாளில் நைல் நதியின் தலையூற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், இலங்கையில் துப்பாக்கியோடும் வேட்டைநாயோடும் தாம் கழித்த நாள்களை 1854இல் நூலாக வெளியிட்டார். அந்நூலைப் படித்து, வேட்டைக்கென்றே ஐரோப்பியர் கப்பலேறினர். இலங்கையின் யானைகளில் தந்தமுடையவை மிகச் சில. ஆதலால் வாணிகப் பயன்கூட இன்றி, கொல்லும் இன்பத்துக்காகவே அவற்றில் பெரும்பாலானவை கொல்லப்பட்டன. மலைநாட்டின் உச்சிச் சமவெளிகளில் மேய்ந்த யானைக்கூட்டங்கள் பின்னாளில் முற்றாக மறைந்துபோயின. ஹோர்ட்டன் சமவெளிக்கு இன்று செல்லும் பயணி மரைகளைக் காண்பார். அங்கே யானை வாழ்ந்தது என்பதை எவரேனும் சொன்னால்தான் அறிவார்.

வேட்டைக்கு நிகராகப் பார்வையாளரை ஈர்த்தது யானைப் பட்டி. காட்டின் ஒரு பகுதியில் பெருமரக் கம்பங்களால் அடைப்புக் கட்டி, ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் பல வாரங்களாக நெருப்பும் பறையொலியும் கொண்டு யானைக்கூட்டத்தைச் சூழ்ந்து உள்ளே ஓட்டி, பழக்கப்பட்ட யானைகளின் துணையோடு ஒவ்வொன்றாகக் கட்டும் இம்முறையை ஐரோப்பியர் 'கிரால்' என்றனர். 1847இல் குருணாகலுக்கு அருகே நடந்த ஒன்றைப் பற்றி டெனன்ட் எழுதிய விவரணத்தில், யானைகளைப் பற்றிய பகுதியைக் காட்டிலும் விருந்தினருக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றிய பகுதி இந்த வரலாற்றுக்கு மிகவும் வேண்டியது. காட்டு மரக்கிளைகளாலும், பனையினத்து ஓலைகளாலும், மணக்கும் புல்லாலும் வேய்ந்த கூரையின் கீழ், உணவுக்கூடமும் கூடாரத் தளவாடங்கள் இட்ட படுக்கையறைகளும் சமையற்கட்டும் குதிரை லாயமும் பண்டசாலையுமாக ஒரு சிறு குடியிருப்பையே ஊர்மக்கள் சில நாள்களில் கட்டி எழுப்பினர். சீமாட்டிகள் தங்குவதற்கும் ஏற்றதாக அது இருந்தது. நடுக்காட்டில், ஊரின் உழைப்பில், நகரத்தின் வசதிகளோடு தங்கி விலங்கைக் காண்பது என்னும் இந்த ஏற்பாடே இன்று யாலவின் எல்லையில் உயர்கட்டணத்துக்கு வழங்கப்படும் கூடார விடுதிகளின் முன்னோடி. 1870இல் எடின்பரோ கோமகன் ஆல்பிரட்டுக்கும், அடுத்த ஆண்டுகளில் வந்த அரச விருந்தினருக்கும் இத்தகைய யானைப் பட்டிகள் அமைக்கப்பட்டன. 1950இல் பனாமுரையில் நடந்ததே கடைசி. கட்டுண்ட கூட்டத்தின் தலைமை யானை அடங்க மறுத்தபோது அது சுட்டுக் கொல்லப்பட்டது, நாடெங்கும் எழுந்த வருத்தத்தோடு அந்த வழக்கமும் முடிந்தது.

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டதும் பயணத்தின் அளவே மாறியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றுவதற்கு இலங்கையில் நின்றன. 1885இல் கொழும்பில் அலைதாங்கிச் சுவர் கட்டி முடிக்கப்பட்டபின் காலித் துறைமுகம் தன் முதன்மையை இழந்தது. கரையேறும் பயணிகளுக்காகக் கால்பேஸ் விடுதியும், துறைமுகத்தின் முன்னே கிராண்ட் ஓரியண்டல் விடுதியும், ஆளுநரின் கடற்கரை மாளிகையாக இருந்து விடுதியான கல்கிசையும் காத்திருந்தன. 1864இல் அம்பேபுஸ்ஸவரை சென்ற ரயில் 1867இல் கண்டியையும், 1885இல் நானு ஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டியது. காப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்று போடப்பட்ட அந்தப் பாதையே, உலகின் அழகிய ரயில் பயணங்களுள் ஒன்றாக இன்று விற்கப்படுகிறது. கப்பல் ஒரு நாள் நின்றால் கண்டி, மூன்று நாள் நின்றால் நுவரெலியா என்று பயண முகவர்கள் வகுத்து வைத்திருந்தனர். சக்காலின் தீவிலிருந்து திரும்பிய அந்தோன் செக்கோவ் 1890இலும், மார்க் ட்வெய்ன் 1896இலும் இவ்வழியில் வந்தவர்களே.

வட்டத்தின் வடபகுதியான பழைய தலைநகரங்கள் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது சற்றுப் பிந்தித்தான். மகாவம்சம் என்னும் பாளி வரலாற்று நூலை ஜோர்ஜ் டேர்னர் 1837இல் மொழிபெயர்த்து வெளியிட்டதும், காட்டுக்குள் கிடந்த மேடுகளுக்குப் பெயரும் காலமும் கிடைத்தன. மேஜர் ஜொனதன் போர்ப்ஸ் 1831இல் சிகிரியாவின் அடிவாரத்தை அடைந்தார். ஆளுநர் வில்லியம் கிரெகரி 1873இல் வடமத்திய மாகாணத்தை ஏற்படுத்தி அனுராதபுரத்தைத் தலைநகராக்கி, 1877இல் கொழும்பு அருங்காட்சியகத்தையும் திறந்தார். 1890இல் தொடங்கிய தொல்லியல் அளவைப் பணியில் எச்.சி.பி. பெல் காட்டை வெட்டி, தூபிகளையும் மண்டபங்களையும் வரைபடத்தில் ஏற்றினார். அவருக்காகக் காடு வெட்டியவர்களும் மண் சுமந்தவர்களும் பலர். அவர்களுள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். 1904இல் அனுராதபுரத்துக்கும், அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும், சென்னையில் ஏறிய ஒருவர், ரயிலும் கப்பலும் இணைந்த 'போட் மெயில்' தடத்தில் கொழும்புவரை வர முடிந்தது. 1964இன் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அத்தொடர்பு நிலைத்தது.

இடிபாடுகளைக் காட்டும் வழக்கத்தில் ஒரு தேர்வும் கலந்திருந்தது. பொலன்னறுவையின் கற்கட்டடங்களுள் சிதையாமல் நிற்பவற்றில் தலையானது, சோழர் ஆட்சியில் வானவன்மாதேவி ஈசுவரம் என்று கட்டப்பட்ட சிவன் கோயில். சோழர் அந்நகரை சனநாதமங்கலம் என்று அழைத்தனர். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டும் அந்நகரில்தான் இருக்கிறது. ஒரு பௌத்த ஆலயத்தின் காவலைத் தமிழ்ப் படைவீரர் தம் மொழியிலேயே கல்லில் பொறித்து உறுதி கூறினர் என்னும் செய்தி, தீவின் கடந்த காலத்தை இரு இனங்களின் இடையறாத பகையாக மட்டும் காண்போர் நின்று படிக்க வேண்டிய ஒன்று. தொல்லியல் துறையினர் அந்தச் சிவன் கோயிலுக்கு இட்ட பெயர் 'இரண்டாம் எண் சிவ தேவாலயம்'. வழிகாட்டி நூல்கள் அதற்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் சில வரிகளே.

வேட்டைக்காரர்களே காட்டுயிர்ப் பாதுகாப்பைத் தொடங்கினர் என்பது உண்மை. சுட்டுத் தீர்த்தால் சுடுவதற்கு ஏதும் மிஞ்சாது என்னும் அச்சத்தில், 1894இல் தோட்டத்துரைமாரும் அலுவலர்களும் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1900இல் யாலவும் 1905இல் வில்பத்துவும் காப்பிடங்களாயின. யாலவின் முதல் காவலராக அமர்த்தப்பட்டவர் ஒரு போர்க்கைதி. தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுச் சிறைப்பட்டு, தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்ட போயர் வீரர்களுள் ஒருவரான ஏங்கல்பிரெக்ட், பிரித்தானிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி அளிக்க மறுத்ததால் நாடு திரும்ப இயலாமல் தங்கிவிட்டவர். முதல் உலகப்போரின்போது ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்ற ஐயத்தில் அவர் சிறையிடப்பட்டார். அக்குற்றச்சாட்டு பொய்யென்று பின்னர் தெளிவாயிற்று. 1937இல் இயற்றப்பட்ட விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. அதற்குப் பிறகும் யாலவின் ஒரு பகுதி, தீவில் குடியிருக்கும் வேட்டை ஆர்வலர்களுக்கென்று ஒதுக்கப்பட்டே இருந்தது. துப்பாக்கி இருந்த இடத்துக்கு ஒளிப்படக்கருவி வர மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று.

பூங்கா என்று எல்லை வரைந்தபோது, அந்த நிலத்தில் மனிதர் வாழ்ந்த தடம் மறைக்கப்பட்டது. யால என்பது கைபடாத காடு அன்று. பண்டைய உறுகுணை நாட்டின் குளங்களும் வயல்களும் அழிந்து காடான நிலம் அது, சித்துல்பவ்வ என்னும் பௌத்தத் துறவிகளின் மலைக்குகைகள் இன்றும் அதற்குள் இருக்கின்றன. மின்னேரியாவில் கோடைகாலத்தில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது, மன்னன் மகாசேனன் கட்டிய குளத்தின் நீர் வயல்களுக்குத் திறந்துவிடப்பட்டு வற்றும்போது அதன் படுகையில் முளைக்கும் புல்லுக்காக. உழவரின் பாசனம் இல்லையேல் அந்தக் காட்சியும் இல்லை. கதிர்காமத்து முருகனை நோக்கி யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கீழைக்கரையோரமாக நடந்துவரும் அடியார்கள், உகந்தைமலையைத் தாண்டிக் குமன, யாலக் காடுகளின் ஊடே செல்கின்றனர். பூங்கா வருவதற்கு மிக முன்னரே அது அவர்களுடைய பாதை. இன்று திருவிழாக் காலத்தில் குறித்த சில நாள்களுக்கு மட்டும் வனத்துறை அவர்களுக்கு வாயிலைத் திறந்துவிடுகிறது. வேட்டையும் தேனும் கிழங்கும் கொண்டு வாழ்ந்த வேடர்களின் நிலை இன்னும் கொடியது. 1950களில் கல்லோயா நீர்த்தேக்கத்தாலும், 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாலும் அவர்களுடைய காடு பறிபோனது. குடியேற்ற ஊர்களுக்குச் செல்ல மறுத்த வேடர் தலைவர் திசஹாமி தம்பானையிலேயே இருந்து, 1998இல் மறையும்வரை தம் மக்களின் உரிமையைக் கோரினார். அந்தத் தம்பானை இப்போது 'பண்பாட்டுச் சுற்றுலா'வின் ஒரு நிறுத்தம். தம் காட்டில் வேட்டையாடும் உரிமையை இழந்தவர்கள், வருவோருக்கு வில்லேற்றிக் காட்டுகின்றனர்.

1966இல் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டபோது ஆண்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 19,000க்கும் குறைவு. 1982இல் அத்தொகை 4 இலட்சத்தைத் தாண்டியது. அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா மூன்றும் அவ்வாண்டிலேயே உலக மரபுரிமை இடங்களாயின. பெந்தொட்டையில் தொடங்கிக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வடித்த விடுதிகள், உள்முற்றம், சரிந்த ஓட்டுக்கூரை, திறந்த நடை ஆகிய உள்ளூர் மரபுகளை உலகத் தரத்துச் சொகுசாக்கிக் காட்டின. தம்புள்ளைக்கு அருகே பாறையை ஒட்டி நீளும் அவருடைய கண்டலம விடுதி 1994இல் திறக்கப்பட்டது. புனித இடத்துக்கும் குளத்துக்கும் கேடு வரும் என்று பிக்குகளும் ஊராரும் அதை எதிர்த்துப் போராடியிருந்தனர். 1983 யூலையில் தமிழர் மீது நிகழ்ந்த வன்முறையோடு தொடங்கிய போர், வடக்கையும் கிழக்கையும் இந்த வட்டத்திலிருந்து முழுமையாக வெட்டியது; வில்பத்துவும் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009இல் போர் முடிந்த ஆண்டில் ஏறத்தாழ 4.5 இலட்சமாக இருந்த வருகை 2018இல் 23 இலட்சமானது. ஆனால் வட்டத்தின் வடிவம் மாறவில்லை. ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் செல்லும் சொகுசுப் பயணி இன்றும் அரிது; காங்கேசன்துறைப் பகுதியில் மக்கள் தம் வீடுகளுக்குத் திரும்ப அனுமதி கேட்டுக் காத்திருந்த நாள்களில், அதே கரையில் படையினர் விடுமுறை விடுதி நடத்தினர்.

இந்த வட்டத்தில் மிகுந்த விலைக்கு விற்கப்படும் இரவுகள் தேயிலை மலைகளில் உள்ளன. 2005இல் பொகவந்தலாவைப் பகுதியின் பழைய தோட்டத்துரை பங்களாக்கள் புதுப்பிக்கப்பட்டு விடுதிகளாகத் திறக்கப்பட்டன. பின்னர் அந்தப் போக்கு பிற தோட்டங்களுக்கும் பரவியது. கணப்பு அடுப்பு, ரோஜாத் தோட்டம், மாலைத் தேநீர், கூப்பிட்ட குரலுக்கு வரும் 'அப்பு' என்னும் சமையற்காரர் எனத் துரையின் வாழ்க்கையை ஓரிரு நாள்கள் வாழ்ந்து பார்ப்பதே அங்கு விற்கப்படும் பொருள். அந்த மலைகளுக்கு முதலில் ஆள் வந்தது ரயிலில் அன்று. 1820கள் தொடங்கித் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணி என்னும் ஆள்திரட்டியின் பின்னே புறப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டின் ஊடே தம்புள்ளை வழியாக மாத்தளைவரை நடந்தே வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அந்த வடபாதையில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பலர் புதைக்கப்படாமலே கிடந்தனர். உயிரோடு சேர்ந்தவர்கள் முதலில் மாத்தளையில் மாரியம்மனைத் தொழுதுவிட்டே தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். அவர்கள் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின், அதே சரிவுகளில் தேயிலை நட்டார்கள். அனுராதபுரத்திலிருந்தோ சிகிரியாவிலிருந்தோ கண்டிக்குச் செல்லும் பயணியின் குளிரூட்டிய வண்டி, தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே அந்தப் பாதையின் ஒரு பகுதியில்தான் ஓடுகிறது. அங்கே வண்டி நிற்பது வாசனைப் பயிர்த் தோட்டங்களில்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி பல இலட்சம் பேர் அவர்கள் பிறந்திராத ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003இன் சட்டத்தால்தான் தீர்ந்தது. பங்களாவின் புல்வெளியிலிருந்து தெரியும் சரிவில், ஒரே கூரையின் கீழ் ஓரறை வீடுகளாக வரிசையில் கட்டப்பட்ட லயங்கள் இன்னும் பல தோட்டங்களில் குடியிருப்பாக இருக்கின்றன. துரையின் பங்களா மரபுச்செல்வமாகப் பேணப்பட்டு விடுதியானது. லயத்தில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாம் ஐந்தாறு தலைமுறைகளாகக் குடியிருக்கும் மண்ணுக்கு இன்றும் காணி உறுதி இல்லை.